மெழுகில் வாங்கிய மனை

ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கும் நிலத்தை அரசு ஒதுக்கித் தரவில்லை. புரவலர் யாரும் எழுதி வைக்கவும் இல்லை. பாத்திக் துணி விற்ற காசில் வாங்கிய நிலம் அது. 1960களின் தொடக்கத்தில் சென்னை அரசு கலைத்தொழில் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் படித்து வெளியேறியவர்களும் கூடித் துணியில் மெழுகு பூசிச் சாயம் தோய்த்து விற்றார்கள். சேர்ந்த பணத்தைப் பங்கு போட்டிருந்தால் சில மாத வாடகையோடு தீர்ந்திருக்கும். அப்படிச் செய்யாமல், மகாபலிபுரம் போகும் வழியில் சவுக்குத் தோப்பும் மணலுமாகக் கிடந்த கடலோரத்தில் இடம் பார்த்தார்கள். 1966இல் அங்கே ஒரு குடியிருப்பு எழுந்தது. இன்று சுமார் 10 ஏக்கர் பரப்பில் வீடுகளும் பட்டறைகளும் காட்சிக்கூடமும் சிற்பப் பூங்காவுமாக நிற்கிறது.

பாத்திக் பொறுமையைக் கேட்கும் வேலை. தேன்மெழுகும் பாரஃபின் மெழுகும் கலந்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் தூரிகையால் துணியில் இழுக்க வேண்டும். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. முதலில் வெளிர் நிறம், அதைக் காக்க அதன்மேல் மெழுகு, அடுத்து கொஞ்சம் அடர்நிறம், மறுபடி மெழுகு என்று படிப்படியாகக் கருப்பை நோக்கிப் போக வேண்டும். நடுவே தவறிவிட்டால் அழித்துத் திருத்த முடியாது. துணியைக் கசக்கினால் மெழுகு வெடிக்கும். வெடிப்பில் சாயம் புகுந்து நரம்புபோல மெல்லிய கோடுகள் ஓடும். கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்தால் படம் வெளிவரும். கோடு போடத் தெரிந்தவன் கையில் இது ஓவியமாகவே வந்துவிடும். வாங்குபவருக்கோ இது ஓவியம் என்ற அச்சம் இல்லை. துணி என்று நம்பி வாங்கலாம். எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய நவீன ஓவியத்தை வீட்டு ஹாலில் மாட்டத் தயங்கியவர்கள் அதே ஓவியர் மெழுகில் வரைந்ததைத் தயக்கமின்றி வாங்கிப்போனார்கள்.

பாத்திக் ஜாவாவின் கைத்தொழில். 1927இல் ரவீந்திரநாத் தாகூர் ஜாவா போய்வந்த பிறகு சாந்திநிகேதனில் வேரூன்றி, அங்கிருந்து இந்தியக் கலைப்பள்ளிகளுக்குப் பரவியது. ஆனால் மெழுகால் சாயத்தைத் தடுக்கும் நுட்பம் சோழமண்டலக் கரைக்குப் புதிதல்ல. ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போன இந்தக் கரையின் சீட்டித் துணிகளில் நீல நிறம் வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற பகுதி முழுக்க மெழுகு பூசித்தான் அவுரித் தொட்டியில் முக்கினார்கள். இருநூறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கரையோரத்துச் சாயக்காரர்கள் பிழைத்த வழியில் 1960களின் ஓவியர்களும் பிழைத்தார்கள். முன்னவர்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிடைக்கவில்லை.

இந்த யோசனைக்குப் பின்னால் இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தை இறந்ததும் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் வேலைக்குப் போய், அதையும் உதறிவிட்டு, 25 வயதில் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஆங்கிலேயர் காலத்தில் தச்சு, உலோகம், மண்பாண்டம் என்று கைத்தொழிலுக்கே அங்கே முதலிடம். 1929இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்த பிறகுதான் அது ஓவியர்களையும் சிற்பிகளையும் உருவாக்கும் இடமாக மாறியது. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்த அதே ராய் சௌத்ரிதான். 1957இல் அவர் ஓய்வுபெற, பணிக்கர் முதல்வரானார். அதற்கு முன்பே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை அவர் தொடங்கியிருந்தார். கல்கத்தா குழுவும் கொழும்பின் '43 குழுவும் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பம்பாயின் முற்போக்குக் கலைஞர் குழு தோன்ற இன்னும் மூன்றாண்டு இருந்தது. இந்திய நவீன ஓவியம் என்றதும் ஹுசைன், ரசா, சூசா என்று பம்பாய்ப் பெயர்களையே அடுக்கிப் பழகிவிட்டோம். காலவரிசை வேறு கதை சொல்கிறது.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பணிக்கருக்குத் தலைவலியாக வந்தது வேலைவாய்ப்புப் பிரச்சினை. ஆறு வருடம் படித்துவிட்டு வெளியே வரும் இளைஞன் சென்னையில் என்ன செய்வான்? ஓவியம் வாங்குவோர் மிகக் குறைவு, காட்சிக்கூடங்களும் அப்படித்தான். பத்திரிகையில் படம் போடலாம், விளம்பர நிறுவனத்தில் சேரலாம், சினிமாவுக்கு பேனர் எழுதலாம், பள்ளியில் டிராயிங் மாஸ்டர் ஆகலாம். நெசவாளர் சேவை மையம் சிலருக்குச் சோறு போட்டது, எம். ரெட்டப்ப நாயுடுவும் பின்னாளில் கே.எம். ஆதிமூலமும் அங்கே வேலை பார்த்தவர்கள். ஆனால் எட்டு மணி நேரம் ஒருவன் சேலை முந்தானைக்கு வடிவம் போட்டுவிட்டு வந்தால் இரவில் அவனுக்கு என்ன மிச்சமிருக்கும்? பணிக்கரின் மாணவர்களில் நல்ல கைகள் பலவும் நான்கைந்து வருடத்தில் வரைவதையே நிறுத்திவிட்டன. படித்து முடித்தவுடன் ஓவியன் செத்துப்போகிறான் என்பதுதான் நடைமுறையாக இருந்தது.

அவர் கண்ட வழி எளிமையானது. வேறு யாருக்கோ வேலை செய்து பிழைப்பதற்குப் பதிலாக ஓவியர்கள் தங்களுக்காகவே கைவினை செய்யட்டும். தாங்களே கூட்டாக விற்கட்டும். அந்த வருமானம் வயிற்றைப் பார்த்துக்கொண்டால் ஓவியம் யாருக்கும் தலைவணங்க வேண்டியதில்லை. இதற்காக உருவானதுதான் ஓவியர் கைவினைஞர் சங்கம். பாத்திக், தோல் வேலை, உலோக வேலை, மரம், மண்பாண்டம் என்று ஒவ்வொருவரும் தமக்கு வந்ததைச் செய்தார்கள். ஓவியம் விற்றாலும் விற்காவிட்டாலும் அடுப்பு எரிந்தது.

விலையைக் கேட்டு வரைவது, வாங்குபவரின் சோபா நிறத்துக்குப் பொருத்தி வரைவது போன்ற சங்கடங்கள் இந்த ஏற்பாட்டால் அவர்களுக்கு ஓரளவு விலகின. பணிக்கரின் சாதனைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். அவருடைய ஓவியங்களைக்கூட அடுத்துத்தான். இந்தியாவில் கலைஞர் குழுக்கள் அறிக்கை வெளியிட்டிருக்கின்றன, கண்காட்சி நடத்தியிருக்கின்றன, சண்டையிட்டுப் பிரிந்திருக்கின்றன. மாதாந்திர அரிசிக்குக் கணக்குப் போட்ட குழு வேறொன்றைச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

கணக்கின் இன்னொரு பாதி மனை. நிலத்தை மொத்தமாகச் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொள்ளாமல், தனித்தனி மனைகளாகப் பிரித்து ஓவியர்கள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். காட்சிக்கூடமும் பட்டறையும் மற்ற பொது இடங்களும் சங்கத்தின் பொறுப்பு. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இப்படி அங்கே நிலைகொண்டார்கள். முதலில் கீற்றுக் கொட்டகைதான். மின்சாரம் இல்லை, நகரத்துக்குப் போய்வர வசதியும் குறைவு. அக்கம்பக்கத்தில் மீனவக் குப்பங்கள். மாலையில் கடற்காற்று ஏற ஏற மணல் வந்து ஈரமான வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 1967இல் ஓய்வுபெற்ற பணிக்கரும் இங்கேயே வந்துவிட்டார். பாரதி பெயரில் திறந்தவெளி அரங்கம் ஒன்று எழுந்து, அதில் கவிதை வாசிப்பும் நடனமும் நாடகமும் நடந்தன. 1961 முதல் முற்போக்கு ஓவியர் சங்கத்தார் கொண்டுவந்த 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்ற ஆங்கில இதழ் தொடர்ந்து வெளிவந்தது.

வந்தவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். 1920இல் பம்பாயில் பிறந்து ரிஷிவேலியில் ஆசிரியராக இருந்து, தில்லி லலித் கலா அகாதமியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஜே. சுல்தான் அலி, பஸ்தர் பழங்குடிகளின் உருவங்களையும் காளையையும் நாகத்தையும் தன் திரைக்குள் கொண்டுவந்தார். கே.வி. ஹரிதாசன் யந்திர வடிவங்களில் 'பிரம்மசூத்திரம்' வரிசையைத் தீட்டினார். எஸ்.ஜி. வாசுதேவும் அர்னவாஸும் இங்கே வாழ்ந்தார்கள். வாசுதேவ் பின்னர் பெங்களூருக்குப் போனார். விஸ்வநாதனும் அக்கித்தம் நாராயணனும் தொடக்கத்திலேயே பாரிஸுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். எம். சேனாதிபதி, கே.எம். கோபால், பி. கோபிநாத், எஸ். பரமசிவம், பி.எஸ். நந்தன், டி. வெங்கடபதி, சி. டக்ளஸ் என்று பட்டியல் நீளும். பெண்கள் மிகக் குறைவு. சிற்பி அனிலா ஜேக்கப்பையும் அர்னவாஸையும் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்கு யோசிக்க வேண்டியிருக்கிறது. வீடும் பட்டறையும் ஒன்றான ஊரில் அடுப்பங்கரை யாருடைய பொறுப்பாக இருந்திருக்கும் என்பதைக் கேட்காமல் இந்த வரலாற்றை எழுதிவிட முடியாது.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை 1963இல் தொடங்கியது. அதில் ஒன்றின் முன் நின்றால் முதலில் தோன்றுவது யாரோ எழுதிய பக்கம் என்ற மயக்கம்தான். மலையாள எழுத்துகள் வரிவரியாக ஓடுகின்றன. கட்டம் போட்டு ஜாதகம். ஓரத்தில் இயற்கணிதம் போலச் சில குறிகள், சிறு மீன், பறவை, முக்கோணம். கிட்டே போய் வாசிக்க முயன்றால் ஒரு வரியும் பொருள் தராது. எழுத்துப் போலத் தெரிபவை பல எழுத்தே அல்ல. கைப்பிரதியின் தோற்றம் இருக்கிறது, செய்தி இல்லை. பின்னணி பெரும்பாலும் மங்கலான ஓலை நிறம், சுண்ணாம்பு நிறம். ஆழமோ நிழலோ இல்லை. எல்லாமே மேல்பரப்பில் கிடக்கின்றன. மேலைநாட்டு ஓவியத்தின் ஆழமாயைக்கு மாற்றாக, நம் வீடுகளில் பரணில் கிடந்த ஏட்டையும் பஞ்சாங்கத்தையும் ஓவியத்தின் தளமாக்கினார் அவர். 1954இல் ஐரோப்பா போய்வந்தவர். வான்கோவின் தாக்கத்தில் தோட்டங்களைத் தீட்டியவர். அத்தனையும் கடந்து ஐம்பது வயதுக்கு மேல் இங்கே வந்து சேர்ந்தார். இந்த ஓவியங்களில் பலவற்றை அவர் கேரளத்துக்குக் கொடுத்துவிட்டார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் தனிக் கூடமே இருக்கிறது. சென்னைக்காரர் பணிக்கரை முழுமையாகப் பார்க்க ரயில் ஏறியாக வேண்டும் என்பது நமக்குப் பெருமை தரும் நிலையல்ல.

உலோகச் சிற்பம் இன்னொரு திசை. வெண்கலம் வார்க்கச் செலவு அதிகம், உலையும் ஆட்களும் வேண்டும். தாமிரத் தகடும் பித்தளைக் கம்பியும் கேஸ் வெல்டிங்கும் ஒருவருடைய கைக்குள் அடங்கும். பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டி உருவத்தின் முகப்பை எழுப்பி, அதன்மேல் கம்பிகளைப் பற்றவைத்துக் கோடுகளாக ஓடவிட்டார். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) அதைப் பெரிதாக்கினார். அவருடைய சிற்பங்களைச் சுற்றிவந்து பார்க்க வேண்டியதில்லை. முன்னால் நின்று பார்த்தால் போதும். பின்புறம் தகட்டின் மடிப்பும் வெல்டிங் தழும்பும்தான். கருடனும் காளையும் கொடியும் கலசமும் ஒன்றிலிருந்து ஒன்று முளைத்து மேலே போகின்றன. கவசம் சாத்திய உற்சவரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிராக இருக்காது. வெள்ளிக் கவசம் சாத்திய மூர்த்தியை நாமும் முன்னாலிருந்து மட்டும்தானே பார்க்கிறோம்?

கே. ராமானுஜத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். மனநலச் சிக்கல்களோடு வாழ்ந்தவர், எளிதில் யாரோடும் ஒட்டாதவர். பணிக்கர்தான் அவரை அரவணைத்துச் சோழமண்டலத்துக்குக் கூட்டிவந்தார். பேனாவும் கருப்பு மையும் கொண்டு அவர் வரைந்த உலகில் வெற்றிடமே கிடையாது. சுருள் சுருளான கோடுகள் நெருங்கி நெருங்கி மாடங்களாகின்றன, குவிமாடங்களாகின்றன, எங்கும் சேராத படிக்கட்டுகளாகின்றன. இறக்கை முளைத்த மிருகங்கள் வானத்தில் போகின்றன. பாம்பு ஒன்று தூணைச் சுற்றிக்கிடக்கிறது. இந்த அரண்மனைக் கூட்டத்துக்குள் தொப்பி போட்ட மனிதன் ஒருவன் அடிக்கடி வந்து நிற்கிறான். அவன் ராமானுஜமேதான். நிஜ வாழ்வில் கிடைக்காத மாளிகையும் மரியாதையும் அவனுக்கு அங்கே கிடைக்கின்றன. கோட்டில் அவசரம் கிடையாது. ஒரு சதுர அங்குலத்தை எடுத்துப் பார்த்தால்கூட அதில் நூறு வளைவுகள் இருக்கும். 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, சோழமண்டலத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

ஓவியர் கிராமம் என்ற கனவைப் புகழ்ந்து எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. கூட்டு வாழ்வு அவருக்குக் கூரையும் தாளும் மையும் தந்தது. அதில்லாமல் அந்த ஓவியங்களே இருந்திருக்காது. கலைஞர்கள் நடுவில் இருந்தும் அவர் தனியாகத்தான் இருந்தார் என்பதும் உண்மை. தமிழில் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் சி. மோகன். ராமானுஜத்தின் வாழ்வை வைத்து அவர் எழுதிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' நாவல், ஓவிய விமர்சனம் தொடத் தயங்கிய இடங்களுக்குள் போகிறது.

மோகனின் நாவலைத் தவிர்த்துப் பார்த்தால் தமிழ் வாசகருக்கும் சோழமண்டலத்துக்கும் உள்ள தொடர்பு மெலிந்தது. நம் தலைமுறைகள் ஓவியத்தை வார இதழ்களில்தான் கண்டன. அதே கலைப்பள்ளியில் படித்த சில்பி, கோயில் சிற்பங்களைக் கோட்டோவியமாக்கி ஆனந்த விகடன் வழியே வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். அந்தப் பக்கங்களைப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. நவீன ஓவியர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை, அவர்களும் தட்டவில்லை. எழுபதுகளில் 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களின் பக்கங்களில் ஆதிமூலம் முதலானோர் வரைந்தபோதுதான் இலக்கிய வாசகருக்கும் நவீன ஓவியத்துக்கும் அறிமுகம் நேர்ந்தது. அந்த அறிமுகமும் சில நூறு பேருக்கு. ஆதிமூலம் சோழமண்டலத்தில் குடியேறியவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். சோழமண்டலத்தில் மலையாளிகள் அதிகம், இதழ் ஆங்கிலத்தில், வாங்க வந்தவர்கள் வெளிநாட்டாரும் நகரத்து மேல்தட்டும். ஊர் நம்முடையது, உரையாடல் நம் மொழியில் நடக்கவில்லை.

அந்த உரையாடலை நடத்தியவர்களில் முக்கியமானவர் கடலோரத்தில் இல்லை, தாம்பரத்தில் இருந்தார். சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஜோசஃப் ஜேம்ஸ்தான் சென்னை நவீன ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் விடாமல் விமர்சனம் எழுதினார். சோழமண்டலம் பற்றி 2004இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் கொண்டுவந்த பெரிய நூலின் பதிப்பாசிரியர் அவரே. ஓவியர்களின் பொருளாதாரத்தையே அடித்தளமாகக் கொண்ட ஓர் ஊருக்குப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் விமர்சகராக வாய்த்தது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல்.

பல்லாவரம், தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஈஞ்சம்பாக்கம் தூரத்து ஊர்தான். நேர்க்கோட்டில் அளந்தால் பல்லாவரத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். போகும் வழியோ சுற்று. ரேடியல் ரோட்டில் கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் தாண்டி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைக் கடந்து துரைப்பாக்கம், அங்கிருந்து ஓ.எம்.ஆரில் தெற்கே சோழிங்கநல்லூர், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி அக்கரை, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆரில் வடக்கே திரும்ப வேண்டும். ஐ.டி. அலுவலகம் விடும் நேரத்தில் கிளம்பினால் காஞ்சிபுரமே பக்கம் என்று தோன்றும். ஈ.சி.ஆர். பக்கம் போகிறோம் என்று கிளம்பும் குடும்பங்கள் வி.ஜி.பி.யிலோ கோவளத்திலோ இறங்குகின்றன. வி.ஜி.பி.யும் ஈஞ்சம்பாக்கம்தான். அசையாமல் நிற்கும் சிலை மனிதனை அங்கே சிரிக்கவைக்கப் பார்த்த குழந்தைகளில் எத்தனை பேர், அதே சாலையில் தாமிரத்தில் நிற்கும் கருடனைப் பார்த்திருப்பார்கள்?

பல்லாவரத்துக்குச் சொந்தமாக ஒரு கலை வரலாறு உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இங்கே மலையில் இருக்கிறது. அதில் அவன் விருதுப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்கா. சித்திரகாரப்புலி என்று தன்னை அழைத்துக்கொண்ட அரசன் அவன். அவன் காலத்தில் கலைக்கு மலையும் மானியமும் அரசன் தந்தான். கலைஞனின் பெயர் கல்லில் ஏறவில்லை, அரசனின் பட்டங்கள் ஏறின. சோழமண்டலத்தில் அரசன் இல்லை, மானியம் இல்லை, ஒவ்வொரு வேலையின் கீழும் செய்தவரின் கையெழுத்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலான ஆயிரத்து முந்நூறு ஆண்டு மாற்றத்தை ஒரே நாளில் பார்த்துவிட முடிகிற ஊர்கள் அதிகமில்லை. நம் பள்ளிகளின் கல்விச் சுற்றுலாவில் இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனி மனைக் கதைக்குத் திரும்பலாம். 1990களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவானது. பத்தாண்டுக்குள் திருவான்மியூர் முதல் முட்டுக்காடு வரை பண்ணை வீடுகளும் கல்யாண மண்டபங்களும் உணவகங்களும் நிறைந்தன. சவுக்குத் தோப்பு சென்ட் கணக்கானது. பொது நிலமாக இருந்திருந்தால், அல்லது வாடகை நிலமாக இருந்திருந்தால், சோழமண்டலம் அந்த விலையேற்றத்தில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். அவரவர் பெயரில் பட்டா இருந்ததால்தான் ஓவியர்கள் அசையாமல் இருக்க முடிந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவ ஊர் இருக்கிறது. பார்பரா ஹெப்வொர்த் போன்றோர் அங்கே வாழ்ந்ததால் உலகப் புகழ் பெற்றது. 1975இல் அவர் இறந்தபின் அவருடைய பட்டறை அருங்காட்சியகமானது. 1993இல் டேட் நிறுவனம் தன் கிளைக் காட்சிக்கூடத்தை அங்கே திறந்தது. கலை வளர்த்த புகழால் வீட்டு விலை ஏறி, இளம் ஓவியர் அங்கே குடியிருக்கவே முடியாமல் போனது. சோழமண்டலத்தில் முதல் தலைமுறை அந்தக் கதியிலிருந்து தப்பியது.

அடுத்த தலைமுறை தப்பவில்லை. காப்பாற்றிய அதே ஏற்பாடுதான் இங்கே கதவை மூடியது. மனை தனிச்சொத்து, சொத்து வாரிசுக்குப் போகும், வாரிசு ஓவியராக இருக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன? நந்தகோபாலைப் போல மகன் சிற்பியாவது நல்வாய்ப்பு. அதை விதியாக எழுதி வைக்க முடியாது. புதிதாக வருபவருக்கு மனை கிடையாது, இருந்தாலும் பாத்திக் விற்று ஈ.சி.ஆரில் மனை வாங்கும் காலம் போய்விட்டது. முதலில் வந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள்: பணிக்கர் 1977இல், சுல்தான் அலி 1990இல், நந்தகோபால் 2017இல். கூட்டுறவாகத் தொடங்கிப் பத்திரமாக முடிந்தது என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். கூட்டுச் சொத்தாகத் தொடங்கிய எத்தனையோ நல்ல முயற்சிகள் பத்தே வருடத்தில் வழக்கு மன்றத்தில் முடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். தனிப் பட்டாவைத் தேர்ந்தெடுத்த பணிக்கருக்கு மனித சுபாவம் தெரிந்திருந்தது. அவர் கணக்கில் ஒரு தலைமுறைக்கு மட்டும் விடை வந்தது.

2009இல் சோழமண்டலம் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னை ஓவிய இயக்கத்தின் அருங்காட்சியகமும், வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்தக்கூடிய இண்டிகோ, லேபர்னம் என்ற இரு கூடங்களும், புத்தகக் கடையும், உணவகமும் அதில் அடக்கம். வெளியே மரநிழலில் பல நாட்டுச் சிற்பிகள் கல்லில் செய்தவை நிற்கின்றன. ராய் சௌத்ரியின் மாணவர்களில் தொடங்கிப் பணிக்கரின் மாணவர்களின் மாணவர்கள் வரை ஒரே இடத்தில் தொடர்ச்சியாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. கலைப்பள்ளி இருக்கும் நகரமே இப்படி ஒரு தொகுப்பை உருவாக்கியிருக்க வேண்டும். உருவாக்காததால் ஓவியர்களே தங்கள் நிலத்தில் தங்கள் வரலாற்றையும் கட்டிக்கொண்டார்கள்.

அதே சாலையில் இன்னும் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துவது. 1996 டிசம்பரில் திறந்தார்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். லாரி பேக்கரின் வடிவமைப்பு. கூட்டம் அங்கேதான் அதிகம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்காரலாம், குயவர் சக்கரத்தில் மண்ணைத் தொடலாம், கிளி ஜோசியம் கேட்கலாம். பாட்டி வீட்டை நினைவூட்டும் இடத்துக்குப் போக யாருக்கும் தயக்கமில்லை. பணிக்கரின் வாசிக்க முடியாத எழுத்துகளுக்கு முன்னால் என்ன செய்வதென்று நமக்குச் சொல்லித்தரப்படவில்லை. பள்ளியில் ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்த்த சமூகம் இது.

சோழமண்டலத்தின் உள்தெருக்களில் நடந்தால் சில வீடுகளின் முன்னறையே காட்சிக்கூடமாக இருக்கிறது. சில பூட்டிக் கிடக்கின்றன. மதில்களுக்குப் பின்னால் எங்கோ உலோகத்தை அரம் தேய்க்கும் சத்தம் இன்னும் கேட்கும். ஆனால் 1966இன் யோசனையை இன்றும் செயலில் வைத்திருப்பது இந்த வீடுகளோ அருங்காட்சியகமோ அல்ல என்பது என் கருத்து. வெளியூர் ஓவியர்கள் வந்து தங்கி வேலை செய்ய அங்கே சில விருந்தினர் பட்டறைகள் இருக்கின்றன. பட்டா கிடையாது, வாரிசு கிடையாது. வந்தவர் வரைந்துவிட்டு அறையைக் காலி செய்தால் அடுத்தவர் வருவார். படித்து முடித்ததும் வரைவதை நிறுத்திவிடும் இளைஞர் பிரச்சினைக்குப் பணிக்கர் தேடிய விடையின் மறுபாதி அதில் இருக்கிறது. அப்படிப்பட்ட அறைகள் கடலோரத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஈ.சி.ஆரைவிட வாடகை குறைந்த குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ, ஓடு போட்ட பழைய பட்டறைக் கட்டடம் ஒன்றில் ஆறு பேருக்கு இடம் ஒதுக்கினால், இன்று அரசு நுண்கலைக் கல்லூரியாகிவிட்ட அதே கலைப்பள்ளியிலிருந்து மின்சார ரயிலிலேயே வந்துவிடலாம்.